ஜிம்முக்கு இயர்போன் வாங்கப் போகிறீர்களா? ரூ. 2,500-க்குள் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் வழி

ஜிம்மில் போடும் இயர்போன்கள் பெரும்பாலும் மூன்று விதமாகத்தான் வீணாகின்றன. வியர்வை உள்ளே இறங்கி ஒரு பக்கம் நின்றுபோகும். சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளியில் பச்சை பூத்து, கேஸில் (சார்ஜ் ஏற்றும் சிறு பெட்டியில்) வைத்தாலும் சார்ஜ் ஏறாது. வயர் உள்ளதாக இருந்தால் பிளக்குக்குப் பக்கத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்து கரகரக்கும். பாட்டு நன்றாகக் கேட்கவில்லை என்பதற்காகத் தூக்கிப் போடப்படுபவை குறைவு. ஆனால் கடையில் எல்லோரும் முதலில் கேட்பது "பேஸ் எப்படி இருக்கும்?" என்பதைத்தான்.

இந்த விலைக்கு வேறு மூன்று கேள்விகள் முதலில் வர வேண்டும். என் காதில் நிற்குமா? என் வியர்வையைத் தாங்குமா? கெட்டுப்போனால் மாற்றித் தர ஆள் உண்டா? இவை மூன்றும் தேறிய பிறகு ஒலியைப் பார்த்தால் போதும். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாயிலேயே இப்போது ஜிம்முக்குத் தேவையான ஒலி கிடைத்துவிடுகிறது.

கீழே உள்ள விலைகளெல்லாம் இந்தியச் சந்தையின் தோராயமான நிலவரம். தள்ளுபடிக் காலத்தில் இருநூறு, முந்நூறு குறையும்.

1. எந்த வகை என்பதை உங்கள் பயிற்சி முடிவு செய்யட்டும்

வயர் உள்ள இயர்போன் (ரூ. 300 முதல் 1,500 வரை): சார்ஜ் கவலை இல்லை, தொலையாது, அதே விலைக்கு வயர்லெஸ்ஸை விட ஒலி மேல். டிரெட்மில்லில் கையை வீசி ஓடினால் வயர் கையில் மாட்டி இழுபடும். டம்பெல் தூக்கும்போதும் அப்படித்தான். வயரைக் காது மடலுக்கு மேலே சுற்றி, முதுகுப் பக்கமாக டி-ஷர்ட்டுக்குள் விட்டால் பாதித் தொல்லை போய்விடும். வயர் துணியில் உரசும் சத்தம் காதுக்குள் கேட்பதும் இதில் குறைந்துவிடும். இந்த வகையில் வயரைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடல்களைத் தேடுங்கள். ஜிம்மில் முதலில் சாவது வயர்தான். கழற்றக்கூடியதென்றால் முந்நூறு ரூபாயில் புது வயர் போட்டுக்கொள்ளலாம்.

நெக்பேண்ட் (ரூ. 800 முதல் 2,000 வரை): காதிலிருந்து நழுவினாலும் கழுத்தில் தொங்கும், தரையில் விழுந்து தொலையாது. ஒரே பேட்டரி என்பதால் ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு வாரம் ஓடும். பெரிய பட்டன்கள் இருப்பதால் ஈரக் கையாலும் இயக்கலாம். புதிதாக ஜிம் சேர்பவருக்கு, முதல் இயர்போனாக, நாங்கள் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஒரே ஒரு இடத்தில் இது இடைஞ்சல்: பார்பெல்லைத் தோளில் வைத்து ஸ்குவாட் செய்யும்போது. பார் உட்காரும் அதே இடத்தில்தான் நெக்பேண்டும் உட்கார்ந்திருக்கும். எடை அதன் மேல் அழுத்தினால் உள்ளிருக்கும் பேட்டரியும் சர்க்யூட்டும் நசுங்கும், கழுத்தெலும்பிலும் குத்தும். ஸ்குவாட் நாளில் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் படுக்கும்போதும் கழுத்துக்கு அடியில் சிக்காமல் முன்பக்கம் இழுத்து விட்டுக்கொள்ளுங்கள்.

முழு வயர்லெஸ் இயர்பட்ஸ் (ரூ. 1,000 முதல் 2,500 வரை): எதிலும் மாட்டாது, ஸ்குவாட்டுக்கும் டெட்லிஃப்டுக்கும் இதுதான் வசதி. காதிலிருந்து விழுந்தால்தான் ஆபத்து. டிரெட்மில் பெல்ட்டில் விழுந்த பட் பின்பக்கம் பறந்து அடுத்த இயந்திரத்துக்கு அடியில் போய்விடும். ஒற்றைப் பட் மட்டும் விலைக்குக் கொடுக்கும் நிறுவனங்கள் சில உண்டு, பல கொடுப்பதில்லை. வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

காது மடலில் மாட்டும் கொக்கி உள்ள இயர்பட்ஸ்: பர்ப்பீ, ஸ்கிப்பிங், பாக்ஸ் ஜம்ப் செய்பவர்களுக்கு ஏற்றது. கண்ணாடி போடுபவர்கள் ஜாக்கிரதை. கண்ணாடித் தண்டும் கொக்கியும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும், அரை மணி நேரத்தில் காதின் பின்புறம் வலிக்கும். தலைகீழான சிட்-அப், லெக் பிரஸ் போன்றவற்றில் தலை ஏதாவது ஒரு திண்டில் அழுந்தும். அப்போது பருமனான பட்கள் காதுக்குள் குத்துகின்றனவா என்பதும் பார்க்க வேண்டியது.

2. காதில் நிற்பதற்கான சோதனை

பெட்டிக்குள் மூன்று அளவு ரப்பர் டிப் வரும். நடு அளவு ஏற்கெனவே மாட்டியிருக்கும். பத்தில் எட்டுப் பேர் மற்ற இரண்டையும் வெளியில் எடுப்பதே இல்லை என்றுதான் தோன்றுகிறது. "நழுவுது", "பேஸே இல்லை" என்ற இரண்டு புகாருக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். டிப் காதுக் குழாயை முழுதாக அடைக்காவிட்டால் தாழ்ந்த ஒலிகள் அந்த இடைவெளி வழியே வெளியேறிவிடும். ரூ. 900 இயர்போனும் சரியான டிப்பில் கனமாகக் கேட்கும். ரூ. 5,000 இயர்போனும் தவறான டிப்பில் டின் சத்தம் போடும்.

மாட்டும் முறை: வலது காதுக்கு இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், காது மடலை மேல்நோக்கியும் சற்றுப் பின்னோக்கியும் இழுங்கள். காதுக் குழாய் நேராகும். வலது கையால் பட்டை உள்ளே வைத்து, லேசாக முன்பக்கமாகத் திருகிவிட்டு மடலை விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியின் இரைச்சல் சட்டென்று அடங்கினால் டிப் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

பிறகு வாயை அகலத் திறந்து மூடுங்கள், பத்து முறை. தாடை அசையும்போது காதுக் குழாயின் வடிவம் மாறும். கனமான எடை தூக்குகையில் பல்லைக் கடிப்பீர்களே, அப்போதும் இதுதான் நடக்கும். அடுத்து இருபது முறை குதியுங்கள். தலையை வேகமாக இடமும் வலமும் திருப்புங்கள். நழுவினால் அடுத்த பெரிய டிப், வலித்தால் அடுத்த சிறியது. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. இடது காதுக்கு நடு அளவும் வலது காதுக்குப் பெரிய அளவும் போடுவது முற்றிலும் இயல்பானது.

ஃபோம் டிப் நன்றாகப் பிடிக்கும், வெளிச்சத்தத்தையும் நன்றாக அடைக்கும். ஆனால் அது பஞ்சு. வியர்வையை உறிஞ்சும், சீக்கிரம் அழுக்காகும், சில மாதங்களில் பிய்ந்துவிடும். தினமும் ஜிம் போகிறவருக்குப் பெட்டியோடு வரும் சிலிகான் ரப்பர் டிப்பே சரி. கழுவலாம், பல மாதம் வரும்.

ஓட்டக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. காதை இறுக்கமாக அடைக்கும் டிப் போட்டு டிரெட்மில்லில் ஓடினால் ஒவ்வொரு அடியும் ‘தொம் தொம்’ என்று தலைக்குள் கேட்கும். எலும்பு வழியாக வரும் அதிர்வு வெளியேற வழியில்லாமல் காதுக் குழாய்க்குள் தங்கிவிடுவதால் வருவது இது, இயர்போனில் கோளாறு இல்லை. முக்கால்வாசி நேரம் ஓடுபவராக இருந்தால், காதை அடைக்காமல் வாயிலில் மட்டும் உட்காரும் வகையைப் பாருங்கள்.

3. வியர்வை: ஐபி எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

‘ஸ்வெட் ப்ரூஃப்’ என்ற சொல்லுக்கு மட்டும் எந்த மதிப்பும் இல்லை. ஐபி எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் முதல் இடம் தூசிக்கு, இரண்டாம் இடம் தண்ணீருக்கு. எக்ஸ் என்று இருந்தால் அந்தச் சோதனையின் அளவு குறிக்கப்படவில்லை என்று பொருள்.

ஐபிஎக்ஸ்4: எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஜிம்முக்கு இதுவே குறைந்தபட்சம்.
ஐபிஎக்ஸ்5: 6.3 மி.மீ. வாய் உள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வேகத்தில் பாயும் தண்ணீரைத் தாங்கும். அதிகம் வியர்ப்பவர்கள், ஏசி இல்லாத ஜிம்முக்குப் போகிறவர்கள் இங்கிருந்து தொடங்குங்கள்.
ஐபிஎக்ஸ்7: ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும்.
ஐபி55: தூசிக்கும் தண்ணீருக்கும் இரண்டுக்கும் சோதித்தது.

சோனியின் டபிள்யூஐ-சி100 நெக்பேண்ட் ஐபிஎக்ஸ்4. ஒன்பிளஸ் புல்லட்ஸ் வயர்லெஸ் இஸட்2 நெக்பேண்ட் ஐபி55. ஜேபிஎல் எண்டியூரன்ஸ் ரன் என்ற வயர் மாடல் ஐபிஎக்ஸ்5. இதைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை; இந்த எண்ணைத்தான் தேட வேண்டும் என்று காட்டுவதற்காகச் சொல்கிறோம்.

இப்போது முக்கியமான பொறிகள். ஐபி சோதனை நல்ல தண்ணீரில் நடக்கிறது. வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்புநீர் காய்ந்த பிறகும் உப்பு தங்கிவிடும், அடுத்த ஈரத்தில் மறுபடி வேலையைத் தொடங்கும். அதனால் எண் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் துடைக்கும் வேலையிலிருந்து விடுதலை இல்லை.

இரண்டாவது, பெட்டியில் எழுதியிருக்கும் ஐபி எண் பெரும்பாலும் பட்களுக்கு மட்டும்தான். சார்ஜ் கேஸுக்கு இல்லை. ஈரமான பட்டை அப்படியே கேஸில் வைத்து மூடினால், உப்பு ஈரத்தின் மேல் மின்சாரம் பாய்கிறது. உலோகப் புள்ளி அரிக்கத் தொடங்க இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறாமல் போவதன் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது, தண்ணீர் தாங்கும் என்று பெட்டியில் அச்சடித்துவிட்டு, தண்ணீரால் வந்த பழுதுக்கு வாரன்டி இல்லை என்று கையேட்டில் எழுதுவது பரவலான வழக்கம். வாரன்டிப் பக்கத்தில் ‘திரவச் சேதம்’ பற்றிய வரியை வாங்கும் முன்பே படியுங்கள்.

4. பெட்டியில் மின்னும் எண்கள்

இஎன்சி என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது நீங்கள் போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்களைச் சுற்றியுள்ள இரைச்சலைக் குறைத்துக் கொடுப்பது. உங்கள் காதுக்கு ஜிம் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைப்பது ஏஎன்சி. ஒரே ஓர் எழுத்து வித்தியாசம், விலையில் பல நூறு ரூபாய் வித்தியாசம். அந்த ஏஎன்சி-யும் மின்விசிறி, ஏசி, டிரெட்மில் மோட்டார் போன்ற சீரான உறுமலைத்தான் நன்றாகக் குறைக்கும். தரையில் விழும் எடைத்தட்டின் சத்தத்தையும் பக்கத்தில் பேசுபவர் குரலையும் பெரிதாக அடக்காது. இந்த விலையில் நல்ல டிப் செய்யும் வேலையே அதிகம். ஏஎன்சி-க்காகக் கூடுதல் பணம் போட வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

‘50 மணி நேரம்’ என்பது கேஸில் உள்ள சார்ஜையும் சேர்த்து. பட்டில் மட்டும் எத்தனை மணி நேரம் என்பதைத் தேடுங்கள். ஆறு மணி நேரம் இருந்தால் ஜிம்முக்குத் தாராளம். அந்தக் கணக்கும் பாதி ஒலியளவில், ஏஎன்சி அணைத்த நிலையில் போட்டதாகத்தான் இருக்கும்.

டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கர்) 10 மி.மீ., 13 மி.மீ. என்பதெல்லாம் ஒலித்தரத்தைச் சொல்லாது. 6 மி.மீ. டிரைவர் 13 மி.மீ. டிரைவரை விட நன்றாக ஒலிப்பது சர்வசாதாரணம்.

தொடு கட்டுப்பாடா, அழுத்தும் பட்டனா என்பதைப் பெட்டி முன்பக்கம் சொல்லாது, ஆனால் ஜிம்மில் இது பெரிய விஷயம். தொடு பரப்பில் வியர்வைத் துளி வழிந்தாலே பாட்டு நிற்கும், ஒலி ஏறும், யாருக்காவது போன் அழைப்பு போகும். துண்டால் முகம் துடைத்தாலும் அதே கதி. பட்டன் உள்ளதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் செயலி வழியாகத் தொடு கட்டுப்பாட்டை அணைக்க முடிகிற மாடலைப் பாருங்கள்.

5. உங்கள் போனுடன் ஒத்துப்போகுமா

போனில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால் வயர் இயர்போனுக்கு டைப்-சி மாற்றி வேண்டும். நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மாற்றிகளில் ஒலியை மாற்றித் தரும் சிப் இருக்காது. அது சில போன்களில் வேலை செய்யும், பலவற்றில் செய்யாது. ‘டிஏசி’ உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள், ரூ. 400 முதல் 800 வரை ஆகும்.

புளூடூத் விட்டுவிட்டுக் கேட்பதற்குப் பல நேரம் உங்கள் உடம்பே காரணம். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அந்த அலையை உடம்பிலுள்ள தண்ணீர் நன்றாக உறிஞ்சும். போன் பின்பாக்கெட்டில் இருந்தால் இடையில் முழு உடம்பும் சுவராக நிற்கும். போனைக் கைப்பட்டையில் மாட்டுங்கள், அல்லது எந்தப் பக்கம் அடிக்கடி விட்டுப்போகிறதோ அந்தப் பக்க முன்பாக்கெட்டில் வையுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

எல்டிஏசி, ஆப்ட்எக்ஸ் போன்ற கோடெக்குகளுக்காக (புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகள்) பணம் கொடுக்க வேண்டாம். எடை மோதும் சத்தத்தின் நடுவே அந்த வித்தியாசம் காதுக்கு எட்டாது.

6. வாங்கும்போது கையில் இருக்க வேண்டிய தாள்கள்

பெட்டியைத் திருப்பி இவற்றைப் பாருங்கள்: எம்ஆர்பி, தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, எந்த நாட்டில் தயாரானது, வாடிக்கையாளர் சேவை எண். இவை பொட்டலப் பொருள்களுக்குச் சட்டப்படி கட்டாயம். இல்லாவிட்டால் அந்தப் பெட்டியைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

வயர்லெஸ் என்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கம் வரும். ‘பிஐஎஸ் கேர்’ என்ற அரசு செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம், என்ன பொருள் என்று காட்டும். பெட்டியில் ஒரு பிராண்டு, செயலியில் சம்பந்தமே இல்லாத பொருள் என்று வந்தால் அது போலி. இரண்டு நிமிட வேலை, காசில்லை.

தயாரித்த தேதியை வெறுமனே பார்த்துவிட்டு நகராதீர்கள். இரண்டு ஆண்டு அலமாரியில் கிடந்த வயர்லெஸ் இயர்போனின் பேட்டரி, நீங்கள் போடும் முன்பே கிழடு தட்டியிருக்கும். சில பட்கள் முழுதாக வடிந்துபோய்ச் சார்ஜே ஏற்காது. தள்ளுபடியில் பாதி விலைக்கு வருபவற்றில் இந்தப் பழைய சரக்கு கலந்திருக்கும். ஓர் ஆண்டுக்குள் தயாரானதைக் கேளுங்கள்.

எம்ஆர்பி ரூ. 5,999, இன்று மட்டும் ரூ. 999 என்ற விளம்பரத்தில் முதல் எண்ணை மறந்துவிடுங்கள். அந்த விலைக்கு அது ஒரு நாளும் விற்றிருக்காது. ரூ. 999-க்கு மற்றவை என்ன தருகின்றன என்பதோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கடையில் வாங்கினால் ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். "பில் இல்லாம நூறு ரூபா குறைச்சுத் தர்றேன்" என்பார்கள், சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் இது அன்றாடம் கேட்கும் வாசகம். அந்த நூறு ரூபாய்க்கு ஓர் ஆண்டு வாரன்டியை விற்கிறீர்கள். பில்லில் மாடல் பெயர் முழுதாக இருக்க வேண்டும். வெறும் ‘புளூடூத்’ என்று எழுதியிருந்தால் சர்வீஸ் சென்டரில் ஏற்க மாட்டார்கள். சூட்டில் அச்சாகும் மெல்லிய தாள் பில் சில மாதத்தில் வெளுத்து வெற்றுத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் யார் என்று பாருங்கள், தளத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. பிராண்டின் அங்கீகாரம் இல்லாத விற்பனையாளரிடம் வாங்கிய பொருளுக்கு வாரன்டி தர மறுப்பது உண்டு. அதோடு, பணம் திரும்பக் கிடைக்குமா, மாற்றுப் பொருள் மட்டும்தானா என்பதையும் படியுங்கள். காதுக்குள் போடும் பொருள் என்பதால் பலவற்றுக்கு ஏழு நாளுக்குள் மாற்றித் தருவது மட்டுமே இருக்கும், அதுவும் பழுதென்றால்தான். "எனக்குப் பிடிக்கவில்லை" செல்லாது. பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரிவதிலிருந்து பட்டை வெளியே எடுப்பது வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள்.

7. முதல் ஏழு நாள் வீணாகக் கூடாது

ஏழு நாள் அவகாசம் இருக்கும்போது பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்து, அடுத்த மாதம் ஜிம் சேர்ந்த பிறகு எடுப்பவர்கள் நிறைய. அதைச் செய்யாதீர்கள். ஜிம் சேரும் வாரத்திலேயே வாங்குங்கள்.

முதல் நாள்: முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் சி வடிவ முனை உள்ள கேபிளில் சார்ஜ் ஏறவில்லை என்றால் பயப்பட வேண்டாம். மலிவான கேஸ்களில் அதற்கு வேண்டிய சிறு மின்தடை வைக்காமல் விட்டிருப்பார்கள், சார்ஜர் அதை அடையாளம் காணாமல் மின்சாரம் விடாது. ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி உள்ள கேபிளில் போடுங்கள், ஏறும்.

இரண்டாம் நாள்: அமைதியான அறையில், யாராவது பேசும் பதிவு ஒன்றைக் கேளுங்கள். குரல் தலையின் நடுவில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் முதலில் டிப்பை மாற்றிப் பாருங்கள், அப்போதும் சாய்ந்தால் பழுது.

மூன்று முதல் ஐந்தாம் நாள் வரை: ஜிம்மில் முழுப் பயிற்சிக்கும் போடுங்கள், ஓட்டம், படுத்துச் செய்வது, குனிந்து செய்வது எல்லாவற்றுக்கும். எத்தனை முறை கையால் தள்ளிவிட்டீர்கள் என்று எண்ணுங்கள். ஒரு மணி நேரத்தில் மூன்று, நான்கு முறைக்கு மேல் போனால் அது உங்கள் காதுக்கானது இல்லை.

ஆறாம் நாள்: பட்டில் சார்ஜ் தீரும்வரை ஓடவிட்டு நேரம் குறியுங்கள். ஆறு மணி நேரம் என்று சொன்னது மூன்றரையில் நின்றாலோ, ஒரு பக்கம் மற்றதை விட ஒரு மணி நேரம் முன்னதாக அணைந்தாலோ, அன்றே மாற்றுக்கு விண்ணப்பியுங்கள். ஏழாம் நாள் வரை தள்ளிப்போட்டால் தளம் சொதப்பினாலும் உங்கள் கெடு முடிந்துவிடும்.

8. பயிற்சி முடிந்ததும் இரண்டு நிமிடம்

உலர்ந்த மெல்லிய துணியால் பட்டை முழுக்கத் துடையுங்கள், உலோகப் புள்ளிகளை இரண்டு முறை. கேஸில் வைக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் காற்றில் விடுங்கள். குளித்துவிட்டு வந்து வைத்தால் கணக்குச் சரியாக வரும். நெக்பேண்டில் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி முழுதாக அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பிடரியிலிருந்து வழியும் வியர்வை நேராக அங்கேதான் போய்ச் சேரும். ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள். ஜிம் பையில் ஈரத் துண்டோடு சேர்த்துப் போடாதீர்கள்.

வாரம் ஒருமுறை டிப்பைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். டிப் கழற்றிய இடத்தில் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். சல்லடை போல ஒரு நுண்ணிய வலை தெரியும். அதன் கண்கள் தனித்தனியாக மின்னினால் சுத்தம். மஞ்சளாகவோ பழுப்பாகவோ மெழுகு போலப் பூசியிருந்தால் காதழுக்கு அடைத்திருக்கிறது. ‘ஒரு பக்கம் சத்தம் கம்மியாயிடுச்சு’ என்று தூக்கிப் போடப்படும் இயர்போன்களில் பலவற்றுக்கு இதுதான் நோய். வலைப் பக்கம் தரையைப் பார்க்கும்படி பட்டைத் தலைகீழாகப் பிடித்து, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் கீழிருந்து தட்டித் தட்டித் தேயுங்கள். அழுக்கு கீழே உதிரும், உள்ளே போகாது. ஊசி, குண்டூசி வேண்டவே வேண்டாம், வலை கிழிந்தால் சரிசெய்ய முடியாது. தண்ணீரும் ஸ்பிரிட்டும் வலையில் படக் கூடாது.

உலோகப் புள்ளியில் பச்சையோ கருப்போ தெரிந்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். ஆரம்பத்திலேயே செய்தால் மீண்டுவிடும். உலோகமே குழிந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

காது அரித்தாலோ வலித்தாலோ சில நாள் இயர்போனே வேண்டாம். ஈரம் அடைபட்ட காதுக் குழாயில் கிருமித்தொற்று எளிதாக வரும். வலி நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

9. சத்தம் எவ்வளவு

ஜிம்மில் ஏற்கெனவே ஸ்பீக்கர் அலறும். அதை மீறிக் கேட்க வேண்டும் என்று ஒலியை ஏற்றும்போதுதான் காது கெடுகிறது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலுக்கு ஏற்றினால் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகிறது. ஆகவே நன்றாக அடைக்கும் டிப்பே உங்கள் காதின் முதல் பாதுகாப்பு. வீட்டில் அமைதியாக இருக்கும்போது வசதியான ஒலியளவு எத்தனை கட்டம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஜிம்மில் அதற்கு மேல் இரண்டு கட்டத்துக்குள் நிறுத்துங்கள். பயிற்சி முடிந்து கழற்றிய பிறகு காதில் ‘ங்’ என்ற ரீங்காரம் இருந்தால் அன்று அளவு மீறிவிட்டது. அடுத்த நாள் குறைத்தே ஆக வேண்டும்.

10. கெட்டுப்போனால்: யாரிடம், எத்தனை நாளில்

முதலில் ரீசெட். இரண்டு பட்டையும் கேஸில் வைத்து, போனின் புளூடூத் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நீக்கி, கேஸ் பட்டனைக் கையேட்டில் சொன்ன நேரம் (பெரும்பாலும் 10 நொடி) அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் இணையாமல் இருக்கும் கோளாறு பாதிக்குப் பாதி இதிலேயே தீரும்.

தீராவிட்டால் பிராண்டின் தளத்தில் வாரன்டி கோரிக்கை. பில், வரிசை எண் தெரியும் படம், பழுதைக் காட்டும் அரை நிமிட வீடியோ, மூன்றும் தயாராக இருக்கட்டும். கோரிக்கை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசினாலும் பேசியதை மின்னஞ்சலில் ஒருமுறை எழுதி அனுப்பிவிடுங்கள், பின்னால் அதுதான் ஆதாரம். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இல்லையென்றால் உங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து எடுப்பார்களா என்று கேளுங்கள். கூரியர் செலவை உங்கள் தலையில் கட்டினால் ரூ. 1,000 பொருளுக்கு அது கட்டுப்படியாகாது. இதை வாங்கும் முன்பே விசாரிப்பது நல்லது.

ஆன்லைன் தளத்தோடு தகராறு என்றால் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிப்படுத்த வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். சிறு தொகைப் புகார்கள் பல இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன, ஏனென்றால் புகார் நேராக நிறுவனத்துக்குப் போகிறது.

கடைசிப் படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையத்திலேயே பதியலாம். பழுது தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும்.

வாரன்டி முடிந்து உயிர்விட்ட இயர்போனைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள், அதற்கு முன் நல்ல நிலையில் இருக்கும் டிப்களைக் கழற்றி எடுத்து வையுங்கள். டிப் மாட்டும் மூக்கு அதே அளவு உள்ள அடுத்த இயர்போனுக்கு அவை பொருந்தும்.